பழைய கணிப்பொறியை விரைந்தெழச் செய்தல்

வைகறையில் எழுந்து பாடம் படிக்கும் பழக்கமுடைய மாணவர்க்குக் கால் நாழிகையின் அருமை நன்கு தெரியும். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடமாதலின், கால் நாழிகை என்பது 6 நிமிடமாகும். படிப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே வாய்க்கும் ஒருவர்க்கு, அதில் கால் நாழிகை வீணே கழியுமாயின், பத்தில் ஒரு பங்கு போயிற்று என்பது பெறப்படும். இங்ஙனம் நாள்தோறும் கால் நாழிகையை விழுங்கிக்கொண்டிருந்த பழைய மடிக்கணினி ஒன்றனைப் பற்றியும், அதனைச் சீர்செய்த வகையைப் பற்றியும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். நம் மாணவர் பலருடைய இல்லங்களிலும் இத்தகைய பழைய கணினிகள் உண்டு. ஆதலின் இஃது அவர்க்கும் பயன்படும் என நம்புகின்றோம்.

சென்னை மெரீனாக் கடற்கரையிலுள்ள கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோமை ஒட்டி, மீனவர் வாழும் நொச்சிக்குப்பம் அமைந்துள்ளது. கடலுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே லூப் சாலை செல்கின்றது. அச்சாலையோரத்தில் மீன் விற்றுவந்தோர்க்காக 2024இல் மாநகராட்சியின் மீன் அங்காடி திறக்கப்பட்டது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிலருடன் நாம் அக்குப்பத்துக்குச் சென்றிருந்தபொழுது, நம் கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருத்தியின் இல்லத்தில் அம்மடிக்கணினியைக் கண்டோம். அது 2012இல் அவளுடைய தமையனுக்குப் பள்ளியில் கிடைத்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக வந்த பொருள்களுள் அஃது ஒன்று. தமையன் வேலைக்குச் சென்றபின் அது தங்கைக்கு உரியதாயிற்று.

அவள் தாயார் மீன் விற்பவர். படகுகள் கரைசேரும் வேளைக்கு அவர் கடற்கரைக்குச் சென்றுவிடுவார். பிறகு தம்பிக்குச் சோறாக்குவதும், அவனைப் பள்ளிக்கு அனுப்புவதும் இவள் கடமை. காலை 5 மணி முதல் 6 மணி வரையிலுள்ள நேரமே இவள் தன் பாடங்களுக்கெனக் கொண்டது. கணினியோ, பொத்தானை அழுத்தியபின் எழுந்து நிற்பதற்கு 6 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதன் மின்கலம் என்றோ செயலற்றுப் போனமையால், மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சலிப்புற்ற அவள், கட்டுரைகளையும் கைப்பேசியிலேயே எழுதத் தலைப்பட்டிருந்தாள். பழுது பார்க்கும் கடை ஒன்றில், இனி இதனை எறிந்துவிடலாம் என்று கூறியிருந்தனர். தாயாரும், “அது பாட்டுக்குச் சுத்திக்கினே இருக்குது சார். பழைய இரும்புக்காரர் வந்தாப் போட்டுடலாம்னு இருக்கேன்” என்றார்.

ஒரு வாரம் பொறுக்குமாறு அவரை வேண்டிக்கொண்டு நாம் வேலையைத் தொடங்கினோம்.

முதலிற் செய்ய வேண்டுவது யாது? அளத்தல். ‘மெதுவாக இருக்கின்றது’ என்பது முறையீடேயன்றி அளவாகாது. எவ்விடத்தில் எத்துணை நேரம் செல்கின்றது என்பதை அறியாமல் மருந்து கொடுத்தல், நாடி பாராத வைத்தியம் போன்றதாம். அளக்க வேண்டுமாயின், பொத்தானை அழுத்தியது முதல் கணினியினுள் நிகழ்வன யாவை என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

மின்சாரம் பாய்ந்தவுடன் கணினியின் செயலகம் தான் செய்ய வேண்டியது யாதெனத் தானே அறியாது. அதற்கு வழிகாட்டும் சிறு நிரல், தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் நிலையாக எழுதப்பட்டுள்ளது. இதனைப் பழைய கணினிகளில் பயாஸ் என்றும், பின் வந்தவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் வழங்குவர். இது நினைவகம், விசைப்பலகை, தட்டு முதலியவற்றைச் சோதித்து, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என முடிவு செய்யும். பழைய முறையில் அத்தட்டின் தலைப்பிலுள்ள 512 பைட்டு அளவான ஒரு துண்டினை மட்டும் படிக்கும். அத்துண்டு தன்னினும் பெரிய நிரலொன்றை அழைக்கும். அது இயங்குதளத்தின் கருவை அழைக்கும். கரு எழுந்து பற்பல பணிநிரல்களை எழுப்பும். இறுதியில் நாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே புகுவோம். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளமைந்த ஆங்கிலச் சொல்லிலிருந்தே ‘பூட்’ என்னும் பெயர் இச்செயலுக்கு வந்தது.

எனவே தொடக்கத்தை மூன்று கூறாகப் பகுத்துக்கொண்டோம். பொத்தான் அழுத்தியது முதல் இயங்குதளம் எழத் தொடங்கும் வரை ஒன்று. அதிலிருந்து பெயர் கேட்கும் திரை வரை மற்றொன்று. அதன்பின் உலாவியைத் திறந்து தடையின்றி எழுதும் நிலை வரை மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதனைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. திரையில் படம் வந்துவிட்டது என்பதனாலேயே கணினி எழுந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. கண் விழித்தவரெல்லாம் படுக்கையை விட்டு எழுந்தவராகார் அன்றோ? கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மும்முறை அளந்து சராசரி கண்டோம். முதற்கூறு 25 நொடி, இரண்டாவது 110 நொடி, மூன்றாவது 235 நொடி, ஆக 370 நொடி. அஃதாவது 6 நிமிடமும் 10 நொடியும் ஆயிற்று. பெரும்பகுதி கடைசிக் கூற்றிலேயே செல்கின்றது என்பது இவ்வளவையினால் விளங்கிற்று.

இனி, காலம் செல்வதற்குக் காரணம் யாது? கணினி முதுமை எய்தினமையால் அதன் செயலகம் தளர்ந்துவிடுவதில்லை. 2012இல் ஒரு கணக்கை எவ்வளவு விரைவாகச் செய்ததோ, வெப்பம் மிகாதவரையில் இன்றும் அவ்வளவு விரைவாகவே செய்யும். காலத்தை உண்பது பெரும்பாலும் வன்தட்டேயாம். மடிக்கணினிகளில் வழக்கமாக அமைந்த வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடிக்குச் சற்று மிகுதியாகும். வேண்டிய செய்தி தலைமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலைமுனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர்வதற்கும் ஏறக்குறைய 12 மில்லி நொடி செல்லும். ஆகவே இடம் மாறி மாறிப் படிப்பதாயின் நொடிக்கு ஏறக்குறைய 60 முறையே படிக்க இயலும். தொடக்கத்தில் 6000 இடங்களில் படிக்க வேண்டுமெனக் கொண்டால், அதற்கு மட்டுமே 100 நொடி ஆகிவிடும்.

இதனைத் தாயாருக்கு விளக்க முயன்றபொழுது, நம்மினும் நன்றாக அவரே விளக்கிவிட்டார். “எங்கிட்ட இருக்கறது ஒரே அருவாமணை. ஒருத்தருக்கு மீனை ஆஞ்சு முடிச்சாத்தான் அடுத்தவங்களுக்கு. பத்துப் பேரும் ஒண்ணாக் கத்தினா, இவங்களுக்கு ஒரு துண்டு, அவங்களுக்கு ஒரு துண்டுன்னு கூடை கூடையாப் போய் வந்துக்கினு இருந்தா, ஒருத்தருக்கும் ஆவாது சார்” என்றார். வன்தட்டின் நிலை முற்றும் இதுவே. அதற்குள்ளது ஒரே அரிவாள்மணை. பல நிரல்கள் ஒருங்கே கூவி அழைக்கும்பொழுது, வெட்டும் நேரத்தைவிடக் கூடைக்குக் கூடை நடக்கும் நேரமே மிகுதியாகின்றது. எனவே மருந்து இருவகையாகும். கூவுவோர் தொகையைக் குறைத்தல் ஒன்று. நடக்க வேண்டாத கருவியை அமைத்தல் மற்றொன்று. முன்னதற்குப் பொருட்செலவில்லை, பின்னதற்கு உண்டு. செலவில்லாததை முதலிற் செய்தல் முறையாதலின் அவ்வாறே தொடங்கினோம்.

எதனையும் தொடுமுன் அக்கணினியிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டோம். அதில் தமையனின் பள்ளிக்காலப் படங்களும், குடும்பத்தின் ஆவணப் படிகள் சிலவும் இருந்தன. ஒருமுறை அழிந்தால் மீட்க அரியனவாகிய இவற்றைப் பென்டிரைவ் இரண்டில் தனித்தனியே சேமித்த பின்னரே வேலையில் இறங்கினோம். தட்டின் உடல்நிலையையும் பார்த்தோம். பெரும்பாலான வன்தட்டுகள் ஸ்மார்ட் என்னும் முறையில் தம் குறைகளைத் தாமே குறித்து வைக்கும். படிக்க இயலாத பகுதிகள் பெருகிவருகின்றன என அக்குறிப்பு காட்டினாலும், ‘டிக், டிக்’ என ஒலி எழுந்தாலும், அத்தட்டை விரைவுபடுத்த முயல்வது வீண். உள்ளதைப் படியெடுத்துக்கொண்டு தட்டையே மாற்றுதல் வேண்டும். நம் நல்வினையாக அத்தகைய குறை இதில் காணப்படவில்லை.

முதற்கூற்றில் ஒரு விந்தையைக் கண்டோம். பொத்தானை அழுத்தியவுடன், நாளும் நேரமும் பிழைபட்டுள்ளன என்ற அறிவிப்புத் தோன்றி, ஒரு விசையை அழுத்தும் வரை கணினி காத்திருந்தது. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தை இயக்குவது 3 வோல்ட்டு அளவுள்ள, நாணயம் போன்ற சிறு மின்கலம். அது தீர்ந்துபோனால் மின்சாரம் நின்றபோதெல்லாம் நாள் பின்னோக்கிச் சென்றுவிடும். இதனால் வேறொரு தீங்கும் உண்டு. பாதுகாப்பான இணையதளங்கள் தத்தம் சான்றிதழ்களில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்திருக்கும். கணினியின் நாள் பல்லாண்டு பின்தங்கியிருப்பின், உலாவி அச்சான்றிதழை ஏற்க மறுக்கும். தேர்வு விண்ணப்பப் பக்கம் அடிக்கடி திறவாமற் போனதன் காரணம் இதுவே எனத் தெரிந்தது. அம்மின்கலத்தை மாற்றினோம். பயாஸில் தொடங்கும் வரிசையைப் பார்த்தபொழுது, வலையமைப்பு வழியாகத் தொடங்குதல் என்பது முதலிடத்தில் இருந்தது. இல்லாத ஒன்றைத் தேடி நொடிகள் கழிந்துகொண்டிருந்தன. வன்தட்டை முதலிடத்தில் வைத்தோம். 25 நொடி 10 நொடியாயிற்று.

அடுத்து, மூன்றாங்கூற்றுக்கு வந்தோம். நாம் ஒவ்வொரு மென்பொருளை நிறுவும்பொழுதும், கணினி எழும்போதே தானும் எழ வேண்டுமென அது ஒரு சீட்டை எழுதி வைத்துவிடுகின்றது. விண்டோஸ் 7இல் இச்சீட்டுகளை எம்.எஸ்.கான்ஃபிக் என்னும் கருவியிலும், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாக டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பகுதியிலும் காணலாம். இக்கணினியில் அத்தகையவை 19 இருந்தன. என்றோ விற்றுவிட்ட அச்சுப்பொறியின் நிரல், பாட்டுக் கேட்கும் நிரல்கள், தாமே புதுப்பித்துக்கொள்ளும் நிரல்கள், ஒன்றுக்கு இரண்டாக வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் ஆகியன அவற்றுட் சில. ஒன்றனையொன்று ஐயுற்று ஒரே கோப்பை இரு காவலரும் சோதிப்பதால் விளைவது தாமதமேயன்றிக் காவலன்று. இரண்டனுள் ஒன்றை முறைப்படி நீக்கினோம். ஆயின், விரைவுக்காகக் காவலையே நீக்கிவிடுதல் கூடாது.

இவ்விடத்தில் நாம் செய்த பிழையொன்றையும் கூறிவிடுவோம். ஆர்வ மிகுதியால் ஒரே தடவையில் 14 நிரல்களை நிறுத்திவிட்டோம். மறுநாட் காலையில் அம்மாணவி கட்டுரை எழுத முற்பட்டபொழுது தமிழெழுத்து வரவில்லை. அவள் பயின்றிருந்தது 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. அதனை இயக்கும் நிரலும் நாம் நிறுத்தியவற்றுள் சேர்ந்திருந்தது. அவளுக்கு அன்றைய ஒரு மணி நேரம் நம்மால் வீணாயிற்று. அன்று மாலை எல்லாவற்றையும் பழையபடி அமைத்துவிட்டு, ஒன்றை நிறுத்துவது, மறுபடி தொடங்கிப் பார்ப்பது, தாளில் குறிப்பது, பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கைக் கைக்கொண்டோம். விரைவை நாடும் வேலையில் விரைதல் கூடாது என்பதை நாம் கற்றது இங்ஙனமே. இவ்வொழுங்கின்படி செய்து முடித்தபின் முழு நேரமும் 4 நிமிடமாகக் குறைந்தது.

நிற்க. இவ்வேலையில் ஈடுபடுவோரை மயக்கும் போலி மருந்துகள் சிலவற்றையும் சுட்டுதல் வேண்டும். ‘ஒரே அழுத்தத்தில் பத்து மடங்கு விரைவு’ என விளம்பரம் செய்யும் நிரல்கள் பெரும்பாலும் தாமும் தொடக்கத்தில் எழுந்து சுமையைக் கூட்டுவன. ரெஜிஸ்டிரியைத் துப்புரவு செய்வதாகக் கூறுவனவற்றால் காணத்தக்க பயன் இல்லை. கேடு விளைதலும் உண்டு. எம்.எஸ்.கான்ஃபிக்கில் செயலகங்களின் எண்ணிக்கையைக் குறித்தால் விரைவு கூடும் என்பதும் பிழையான கொள்கையே. ஒன்றும் குறியாதபொழுது உள்ள அனைத்தையும் விண்டோஸ் பயன்படுத்தவே செய்கின்றது. அவ்வமைப்பு சோதனை செய்வோர்க்காக ஏற்பட்டது.

நான்கு நிமிடத்தோடு நின்றுவிடலாமா என எண்ணினோம். ஆயின் வேறொரு தடை எதிர்ப்பட்டது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 10க்குரிய ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக முடிந்தது. பாதுகாப்பற்ற தளத்தில் தேர்வுக் கட்டணம் செலுத்துதல் அறிவுடைமையாகாது. ஆகவே இயங்குதளத்தையே மாற்றத் துணிந்தோம். இது புதிய வழியன்று. அரசு வழங்கிய அம்மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் முதன்முதல் வெளியிட்டதாகும். அதனைத் திறந்தே பாராதவர் பலர்.

பழைய கணினிக்கு லினக்ஸை நிறுவ விரும்புவோர் முதலில் தம் செயலகம் 64 பிட்டு முறைக்கு ஏற்றதா என அறிதல் வேண்டும். 32 பிட்டுக் கணினிகளில் நிறுவும் வசதியை டெபியன் தன் 13ஆம் பதிப்பில், 2025இல், நிறுத்திவிட்டது. இக்கணினி 64 பிட்டுக்கு ஏற்றதாகவே இருந்தது. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமேயாதலின், அலங்காரம் மிகுந்த திரையமைப்பைத் தவிர்த்து, எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய அமைப்பைக் கொண்ட பதிப்பைத் தெரிந்தெடுத்தோம். பென்டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்த்து, கம்பியில்லா இணைப்பு, ஒலி, தமிழ்99 ஆகிய யாவும் இயங்குவதை உறுதிசெய்த பின்னரே நிறுவினோம். லினக்ஸில் எந்தப் பணிநிரல் எத்துணை நேரம் கொண்டது என்பதை ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்னும் கட்டளை வரிசைப்படுத்திக் காட்டும். அச்சுப்பொறி இல்லாத வீட்டில் அச்சுப்பணி நிரல் எதற்கு? இத்தகையன சிலவற்றை நிறுத்தினோம். பொருள் அறியாதவற்றைத் தொடவில்லை. அப்பொழுது அளந்ததில் சரியாக 2 நிமிடமாயிற்று.

இறுதியாகச் செலவுள்ள வழியைக் கைக்கொண்டோம். அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெருவுக்குச் சென்று, எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்புக் கருவி ஒன்றை, உள்ளவற்றுள் சிறிய அளவினதாக வாங்கினோம். இதில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் தலைமுனையும் இல்லை. எவ்விடத்திலுள்ள செய்தியையும் ஒரு மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவில் எடுத்துக் கொடுக்கும். தாயாரின் சொல்லிற் கூறுவதாயின், எல்லாக் கூடைகளும் அரிவாள்மணையின் அருகிலேயே வந்துவிட்டன. 2.5 அங்குல அளவும் சாட்டா இணைப்பும் உடையதாயின், அது பழைய வன்தட்டின் இடத்திலேயே பொருந்தும். மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தைக் கழற்றிவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். பயன்படுத்திய நினைவகத் துண்டொன்றையும் வாங்கி 2 ஜி.பி.யை 4 ஜி.பி. ஆக்கினோம். உண்மையைச் சொல்லுமிடத்து, நினைவகத்தைக் கூட்டியதால் தொடக்க நேரம் குறையவில்லை. ஆயினும், உலாவியில் பல பக்கங்களைத் திறக்கும்பொழுது முன்போலத் திணறவில்லை. எதனால் எப்பயன் விளைந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டியே, இரண்டையும் வெவ்வேறு நாளில் பொருத்தினோம்.

மூடியைத் திறந்தபொழுது விசிறியைச் சுற்றிலும் பஞ்சுபோல் அழுக்கு அடைந்திருந்ததைக் கண்டோம். கடலோர வீடுகளில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக் காற்று ஈரத்தை ஈர்த்து, உலோக இணைப்புகளில் களிம்பேறச் செய்கின்றது. அழுக்கினால் வெப்பம் வெளியேறாவிடில், தான் கெடாதிருக்கும்பொருட்டுச் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் துடைத்து, பழைய வெப்பப் பசையை நீக்கிப் புதியது தடவினோம். பயன்படுத்தாத நேரத்தில் துணியால் மூடி, சாளரத்துக்கு எட்ட வைக்குமாறும் சொன்னோம்.

முடிவில் மீண்டும் மும்முறை அளந்தோம். முதற்கூறு 8 நொடி, இரண்டாவது 22 நொடி, மூன்றாவது 10 நொடி, ஆக 40 நொடியாயிற்று. பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல் முகம் கழுவச் சென்ற அம்மாணவி, திரும்பி வந்து திரையைப் பார்த்து, கணினியை அணைக்க மறந்துவிட்டோமோ என ஐயுற்றதாகப் பின்னர்க் கூறினாள்.

நண்பர்களே, இவ்வேலையில் நாம் செய்தது அரிய செயல் ஒன்றுமன்று. முதலில் அளந்தோம், கோப்புகளைக் காத்துக்கொண்டோம், செலவில்லாதவற்றை முன்னும் செலவுள்ளவற்றைப் பின்னுமாகச் செய்தோம், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி அளந்தோம். உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ துணி சுற்றி வைத்த பழைய கணினி இருப்பின், அதனை இரும்புக்காரரிடம் கொடுப்பதற்குமுன் ஒரு மாலைப்பொழுதை அதற்கெனச் செலவிடுங்கள். உங்களுக்கு வேண்டாவிடினும், ஒரு மணி நேரமே படிக்க வாய்ப்புள்ள மற்றொருவர்க்கு அது பயன்படலாம்.

நொச்சிக்குப்பத்து அவ்வீட்டில், தாயார் கூடையுடன் கடற்கரைக்கு இறங்கும் வேளையில் அம்மாணவி இப்பொழுது தன் கட்டுரையின் முதல் வரியை எழுதத் தொடங்கிவிடுகின்றாள். அவள் இழந்திருந்த கால் நாழிகை அவளுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது.